நாய்க்குட்டி வருது, வீட்டில் ஏற்கெனவே பூனை: நேரா முன்னாடி விட்டுடலாமா?

சாம்பல்வால் · 05-10-2024, இரவு 9:40

சென்னை. ரெண்டு பெட்ரூம் பிளாட், மூணாவது மாடி. நாலு வயசு ஆண் பூனை, கருத்தடை செஞ்சாச்சு, வெளியே போகாது. அடுத்த சனிக்கிழமை சிப்பிப்பாறைக் குட்டி வருது, அன்னிக்கு அதுக்கு ஒன்பது வாரம். கேட்டவங்க எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: "நேரா பூனை முன்னாடி கொண்டுபோய் விடு. மூக்குல ரெண்டு போடும். அப்புறம் நாய் அந்தப் பக்கமே திரும்பாது." இது சரிதானா? இல்லேன்னா ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க. வேலைக்குப் போற ஆள், முழு நாளும் காவல் காக்க முடியாது.

பரண்வாசி · 05-10-2024, இரவு 10:25

சரியில்லை. பூனை மூக்கைக் குறிபார்த்து அடிப்பதில்லை. ஒன்பது வாரக் குட்டியின் கண், உட்கார்ந்திருக்கும் பூனையின் முன்னங்கால் வீச்சுக்கு நேராக இருக்கிறது. குட்டிக்கோ விலகத் தெரியாது. கருவிழியில் நகம் இழுத்துவிட்டால் மாதக்கணக்கில் சொட்டு மருந்து.

அறை வாங்கிய குட்டி எதைக் கற்றுக்கொள்ளும் என்பதும் உங்கள் கையில் இல்லை. பூனை அடித்த கையோடு ஓடும். ஓடினால் குட்டி துரத்தும். துரத்துவது அதற்கு வலியை மறக்கடிக்கிற அளவுக்கு இனிக்கும். லேப்ரடார் குட்டியாக இருந்தால் நாலு தடவையில் அலுத்துப் போக வாய்ப்புண்டு. சிப்பிப்பாறை அப்படியில்லை, ஓடுவதைக் கண்ணால் பார்த்து விரட்டுவதற்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம். பூனையின் பக்கம் இன்னும் மோசம்: ஹால் ஆபத்தான இடம் என்று முடிவுகட்டிவிட்டால் மணல் பெட்டிக்குப் போவதையே தள்ளிப்போடும்.

நட்பை எதிர்பார்க்காதீர்கள். பூனை குறுக்கே நடந்தால் குட்டி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ள வேண்டும். குட்டிக்குப் பூனை சலித்துப்போவதுதான் இலக்கு. கீழே எழுதப்போவது எல்லாம் அதற்குத்தான்.

பரண்வாசி · 05-10-2024, இரவு 11:50

குட்டி வருவதற்கு முன் ஒரு வாரம் இருக்கிறது. அதில் வீட்டு வேலை.

பூனையை அறையில் பூட்டிவிட்டுக் குட்டிக்கு வீட்டைத் திறந்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு படுக்கையறை குட்டிக்கு, மிச்ச வீடு முழுக்கப் பூனைக்கு. பூனையின் சாப்பாடு, தண்ணீர், மணல் பெட்டி, ஜன்னல் இடம் எதுவும் மாறக்கூடாது. ஏதாவது நகர்த்தியே ஆகவேண்டும் என்றால் இன்றைக்கே நகர்த்துங்கள். குட்டி வந்த நாளில் நகர்த்தினால் இரண்டு மாற்றமும் ஒரே கணக்கில் சேரும்.

மேல்வழி வேண்டும். சோபா முதுகு, அங்கிருந்து சுவர்ப் பலகை, அங்கிருந்து பீரோ, பீரோவிலிருந்து பரண். பலகை 25 முதல் 30 செ.மீ. அகலம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 40 செ.மீ. உயர வித்தியாசம். மைக்கா ஒட்டிய பலகை வழுக்கும், பழைய சாக்கையோ கயிற்று மிதியடியையோ மேலே ஒட்டுங்கள். கவனிக்க: ஏற ஒரு வழி, இறங்க வேறு வழி இருக்க வேண்டும். பிரிட்ஜ் மேலே ஏறிய பூனை, கீழே குட்டி படுத்துக்கொண்டால் அங்கேயே சிறைப்பட்டுவிடும்.

குட்டியின் அறை வாசலுக்குத் தடுப்பு கேட். நிலைக்கு நடுவே திருகி இறுக்கும் வகை, துளை போட வேண்டாம், வாடகை வீட்டுக்கு ஏற்றது. கம்பி இடைவெளி 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஒன்பது வாரக் குட்டி தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். பால்கனி கிரில்லையும் அதே கண்ணோடு பாருங்கள்.

பூனைக்கு நகம் வெட்டுங்கள், நுனியில் 2 மி.மீ. மட்டும். உள்ளே தெரியும் இளஞ்சிவப்பைத் தொடக்கூடாது.

வேட்டைக்காது · 06-10-2024, காலை 7:15

சிப்பிப்பாறைன்னு பார்த்ததும் வந்துட்டேன். எங்க பக்கம் (விருதுநகர்–கோவில்பட்டி வட்டாரம்) இதை முயலுக்கு வச்சிருந்தாக. மோப்பத்துல வேலை செய்யிற நாய் இல்ல, கண்ணுல வேலை செய்யிற நாய். அதனால பூனை வாசனை பழகிட்டா போதும்னு நினைச்சுராதீக. உக்காந்திருக்கிற பூனை வேற, ஓடுற பூனை வேற. முதலாவதோட நல்லாப் பழகின நாயி ரெண்டாவதைப் பார்த்ததும் எல்லாத்தையும் மறந்துரும்.

இன்னொண்ணு. மூணு மாசத்துல அமைதியா இருக்கேன்னு ஏமாறாதீக. விரட்டுற புத்தி அஞ்சாவது மாசத்துலேர்ந்து எட்டாவது மாசத்துக்குள்ளதான் முழுசா எந்திரிக்கும். அதுக்குள்ள அடித்தளம் போட்டாகணும்.

குட்டியைக் குடுக்கிறவக எட்டு வாரத்துக்கு முன்னாடி தந்தா வாங்காதீக. 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிப்படி எட்டு வாரத்துக்குக் கீழ விக்கக் கூடாது. சட்டத்தை விடுங்க, தாயும் கூடப்பிறந்ததுகளும் கடிச்சு விளையாண்டுதான் குட்டிக்கு "இவ்வளவு கடிச்சா வலிக்கும்"னு தெரியும். அது தெரியாத குட்டி பூனை கழுத்தைத்தான் முதல்ல சோதிச்சுப் பார்க்கும்.

சாம்பல்வால் · 06-10-2024, காலை 8:02

ஒன்பது வாரம்தான் அண்ணே, தேதி கேட்டு வாங்கிட்டேன். பரண் பலகை ஆள் நாளைக்கு வர்றார். முதல் நாள் என்ன பண்ணணும்?

பரண்வாசி · 06-10-2024, மதியம் 1:30

முதல் இரண்டு மூன்று நாள் பார்வையே வேண்டாம். குட்டி வாசலில் நுழையும்போது பூனை இன்னொரு அறையில், கதவு சாத்தியபடி. குட்டியை நேரே அதன் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தியபின் பூனையைத் திறந்துவிடுங்கள்.

வாசனை மாற்று: காய்ந்த காட்டன் துணியால் பூனையின் கன்னத்தைத் தடவி எடுங்கள், அங்கேதான் வாசனைச் சுரப்பிகள். அந்தத் துணி குட்டியின் சோற்றுத் தட்டுக்குக் கீழே. குட்டியின் துணியை அப்படிச் செய்யாதீர்கள். பூனைத் தட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். தட்டு காலியானால் அடுத்த வேளை ஒரு சாண் கிட்டே. குட்டியின் துணியைப் பூனை மேலேயே தேய்க்கச் சொல்வார்கள், செய்யவேண்டாம். பூனை தன் உடம்பில் ஒட்டிய அந்நிய வாசனையிலிருந்து ஓட முடியாது.

மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு. ஆரம்பம் கதவிலிருந்து 2 மீட்டர். வேளைக்கு வேளை கிட்டே. அளவுகோல் நாட்காட்டி இல்லை, தட்டு: பூனை வழக்கமான வேகத்தில் முழுதும் சாப்பிடுகிறதா? பாதியில் நிமிர்ந்து கதவையே பார்த்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள், ஒரு படி பின்னால் போங்கள்.

ஆயுத பூஜை விடுமுறையோடு சேர்த்து மூன்று நாள் கிடைக்கிறது உங்களுக்கு. நல்ல நேரம்.

ஊசிமருந்து · 06-10-2024, இரவு 8:48

மருத்துவப் பக்கம் யாரும் தொடவில்லை. பழக்குவதில் தவறினால் திருத்திக்கொள்ளலாம், இதில் முடியாது.

குட்டிக்குப் போடும் உண்ணி மருந்தின் பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால் அந்தப் பெட்டி வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. நாய்க்கு ஒன்றும் ஆகாது. பூனையின் கல்லீரலால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. கழுத்தில் சொட்டு விட்ட நாயோடு உரசிப் படுத்தாலே போதும்: காது துடிக்கும், உடம்பு நடுங்கும், பிறகு வலிப்பு. சில மணி நேரத்திலும் வரலாம், மறுநாளும் வரலாம். பட்டுவிட்டது என்று தெரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் தேய்க்கும் திரவத்திலும் கழுவிவிட்டு உடனே மருத்துவமனை. குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்தும் பூனை வீட்டுக்கு ஆகாது. எட்டு வாரமும் 2 கிலோவும் தாண்டிய குட்டிக்கு வாய்வழி மாத்திரைகள் இருக்கின்றன, ரோமத்தில் எதுவும் ஒட்டாது. எது என்று உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

பூனைக்கும் நாய்க்கும் வரும் தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் ஒரே இனம்தான். ஒன்றுக்கு மட்டும் மருந்து போடுவது வீண் செலவு. தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு, அதுவும் இரண்டுக்கும் பொது.

பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ். 1978-ல் உலகம் முழுக்கப் பரவியபோது நாயோடு நின்றது. இன்று சுற்றிக்கொண்டிருக்கும் 2ஏ, 2பி, 2சி வகைகள் பூனையையும் தொற்றும். ஆகவே குட்டி வருவதற்கு முன் பூனையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், வெளியே போகாத பூனை என்றால் மூன்று வருடமாக யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். குட்டிக்கு 6–8 வாரத்தில் ஆரம்பித்து 3–4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. வெறிநாய்த் தடுப்பூசி (ரேபிஸ் ஊசி) 12 வாரத்தில். பூனை, நாய் இரண்டுக்கும் இந்த ஊசி கட்டாயம். பிரிக்கப் போகிற உங்கள் கையில்தான் முதலில் பல் படும். பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம்.

பரண்வாசி · 06-10-2024, இரவு 9:20

ஊசிமருந்து சொன்னதோடு சேர்த்து: ஃபினாயில். குட்டி எங்கே மூத்திரம் போனாலும் நம் வீடுகளில் முதலில் வருவது அந்தப் பாட்டில்தான். பூனை அந்தத் தரையில் நடந்து பாதத்தை நக்கும். பீனால் வகை எதுவும் பூனைக்கு விஷம். தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும் கிருமிநாசினியும் அந்தக் குடும்பம்தான். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் கொட்டினால் அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை எரிக்கும் வாயு வரும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவம் வாங்குங்கள், வாசனையையே உடைத்துவிடும். அது இல்லாதபோது துணியால் ஒற்றி எடுத்து, பாதிக்குப் பாதி வினிகர்–தண்ணீர்.

மணல்பெட்டி · 07-10-2024, காலை 6:55

என் துறைக்கு இன்னும் யாரும் வரலை.

நாய்க்குட்டிக்குப் பூனையோட கக்கா ஒரு பலகாரம். அதட்டித் திருத்த முடியாது. புரதம் அதிகமுள்ள பூனைச் சாப்பாட்டோட வாசனை அப்படியே அதுல இருக்கும். கட்டியாகிற பென்டோனைட் மணலைச் சேர்த்து விழுங்கினா குடல் அடைக்கிற ஆபத்தும் உண்டு. அதனால பெட்டி குட்டி எட்ட முடியாத இடத்துல இருக்கணும். அதே சமயம் பூனை மாட்டிக்காத இடமாவும் இருக்கணும். பாத்ரூம் மூலைல மூடி போட்ட பெட்டி வைக்கிறாங்க. வெளியே வர ஒரே வாசல், அந்த வாசல்ல குட்டி மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கும். ஒரு தடவை அப்படி நடந்தா பூனை உங்க மெத்தையைத் தேடும்.

பெட்டி இருக்கிற அறைக் கதவை 10 செ.மீ. திறந்து கொக்கி போட்டு நிறுத்தலாம். பூனை நுழையும். ஆனா ஒன்பது வாரக் குட்டியும் நுழையும். அதனால மொத நாலஞ்சு மாசம் இது உதவாது, அதுவரை கேட்தான். இல்லேன்னா உயரமான மேடை. ஒரு பூனைக்கு ரெண்டு பெட்டி, ரெண்டும் வேற வேற இடம்.

சாம்பல்வால் · 15-10-2024, மாலை 5:10

குட்டி வந்தாச்சு. வெளியே கொட்டுற மழைல மொட்டைமாடி கூடப் போக முடியலை. கதவுக்கு ரெண்டு பக்கமும் சாப்பாடு சரியா நடக்குது, பூனை இப்போ கதவுலேர்ந்து ரெண்டு அடியில தட்டைக் காலி பண்றான். அடுத்தது?

பரண்வாசி · 15-10-2024, இரவு 9:05

மழை ஒரு விதத்தில் நல்லது. தடுப்பூசி முடியாத குட்டி தெருவில் கால் வைக்கக்கூடாது எப்படியும். காகித விரிப்பு அறையிலேயே இருக்கட்டும்.

அடுத்தது பார்வை. கேட் மேல் போர்வையை முழுக்கப் போடுங்கள். கதவைத் திறங்கள். போர்வையின் அடியை 10–15 செ.மீ. மட்டும் தூக்குங்கள். குட்டி மறுபக்கம் தரையில், ஹார்னஸ் (மார்புப் பட்டை) மாட்டி, லீஷ் (பிடிகயிறு) உங்கள் கையில். கையில் தூக்கிக் காட்டாதீர்கள். தூக்கிய குட்டியால் விலக முடியாது, உங்கள் முகமும் நகத்துக்கு எட்டும். பூனையை ஒருபோதும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். வந்தால் வரட்டும், வராவிட்டால் நாளை.

கையில் உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, அரைப் பட்டாணி அளவுத் துண்டுகள், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து. வெங்காயம் பூண்டு போட்ட குழம்பிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது, இரண்டுக்கும் கெடுதல். குட்டி பூனையைப் பார்க்கிறது. அது விறைப்பதற்கு முன், அந்த முதல் விநாடியில், ஒரே ஒரு சொல்: "சபாஷ்" என்றோ "ம்" என்றோ, என்றும் அதே சொல். உடனே துண்டு, உங்கள் தொடைக்குப் பக்கத்தில். வாங்க வேண்டுமானால் அது தலையைத் திருப்பியாக வேண்டும். நாளாக நாளாகப் பூனையைப் பார்த்ததும் தானாக உங்கள் பக்கம் திரும்பும். அந்தத் திரும்பல் வந்த அன்று போர்வையை இன்னும் ஒரு சாண் தூக்குங்கள்.

கறியை மூக்குக்கு நேரே நீட்டியும் வாங்கவில்லையா? பூனை ரொம்பக் கிட்டே இருக்கிறது. ஒரு மீட்டர் பின்னால் போங்கள்.

3 முதல் 5 நிமிடம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே நிறுத்துங்கள். மூத்திரம் போய், கொஞ்சம் விளையாடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் தலைதெறிக்க ஓடுகிற அந்த நேரத்தில் வேண்டாம். அது உற்சாகமில்லை, பெரும்பாலும் தூக்கம் போதாத பிள்ளையின் அழிச்சாட்டியம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரமாவது தூங்க வேண்டும்.

நீர்த்துப்பாக்கி · 16-10-2024, காலை 10:30

இவ்வளவு சுத்தணுமா? ஸ்பிரே பாட்டில்ல தண்ணி. பூனைகிட்ட போனா மூஞ்சில ஒரு பீச்சு. ரெண்டு நாள்ல முடிஞ்சுரும்.

வேட்டைக்காது · 16-10-2024, காலை 11:12

தம்பி, நீங்க பீச்சுறது குட்டிக்கு எதோட சேரும்? "பூனை வந்தா எனக்குத் தொல்லை"ன்னு சேரும். நீங்க வீட்டுல இருக்கிறப்ப சும்மா இருக்கும். நீங்க ஆபீஸ் போனப்புறம் தொல்லைக்குக் காரணமான ஆளைத் தேடிப் போகும். பூனையும் பாட்டில் சத்தத்துக்கு ஓடும், ஓடுனா என்ன ஆகும்னு மேலேயே எழுதிட்டேன்.

பரண்வாசி · 16-10-2024, மதியம் 12:40

அதேபோல் பூனை சீறினால் பூனையைத் திட்டாதீர்கள். சீறல் சண்டையல்ல, "அங்கேயே நில்" என்ற தகவல். அதை அடக்கிவிட்டால் அடுத்த தடவை தகவல் இல்லாமலே நகம் வரும்.

எதைப் பார்த்து நிறுத்துவது என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். குட்டி குலைத்தால் பரவாயில்லை, முனகினாலும் தூரத்தைக் கூட்டினால் போதும். வாய் மூடி, உடம்பு அசையாமல், எடை முன்னங்காலில், ஒரு பாதம் தூக்கியபடி, கண் இமைக்காமல் நின்றால்தான் பயப்பட வேண்டும். சத்தமே இருக்காது. வந்தவர்கள் "பாருங்க எவ்வளவு அடக்கமா நிக்குது" என்பார்கள். அந்த நொடியில் லீஷை இழுக்காமல் குட்டியோடு பக்கவாட்டில் நடந்து பார்வையை உடைக்க வேண்டும்.

பூனை வாலை நட்டமாகத் தூக்கி நுனியை வளைத்து வந்தால் நல்லது. தரையோடு அடித்தால், காது பக்கவாட்டில் படிந்தால் முடித்துக்கொள்ளுங்கள். தன்னைக் கழுவ ஆரம்பித்தால் நிம்மதியாகிவிட்டது என்று அர்த்தம்.

மணல்பெட்டி · 16-10-2024, மதியம் 1:15

கடைசி வரியை ஒத்துக்க மாட்டேன். தோள்ல ரெண்டு நக்கு, மூக்குல ஒரு நக்கு, மறுபடி முறைப்பு: இது பதற்றம். நமக்குத் தலை சொறியிற மாதிரி. பின்னங்காலைக் கூரைக்கு நீட்டிக்கிட்டு வயித்தைச் சாவகாசமாக் கழுவுனாத்தான் நிம்மதி.

பரண்வாசி · 16-10-2024, மதியம் 1:22

ஆமாம், அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும். இன்னொன்று: குட்டி முழங்கையைத் தரையில் ஊன்றி பின்பக்கத்தைத் தூக்குவது நாய் மொழியில் விளையாட்டு அழைப்பு. பூனைக்கு அது பாயத் தயாராகும் மிருகம். குட்டியிடம் கெட்ட எண்ணம் இல்லை என்பதால் பூனைக்குப் பயமில்லை என்று ஆகிவிடாது.

சாம்பல்வால் · 24-10-2024, இரவு 10:15

போர்வை இப்போ முழுசா எடுத்தாச்சு. குட்டி பூனையைப் பார்த்துட்டு என் பக்கம் திரும்புறான். கேட்டைத் திறந்து ஒரே அறையில லீஷோட விடலாமா?

பரண்வாசி · 24-10-2024, இரவு 11:02

விடலாம். ஆனால் வரும் 31 தீபாவளி. 28-ஆம் தேதி முதல் நிறுத்திவையுங்கள், வெடிச் சத்தம் அடங்கும் வரை கேட்டும் கதவும் மூடியே. வெடியில் மிரண்ட பூனை, கோபத்தை வெடி மேல் காட்ட முடியாது. பக்கத்தில் இருப்பது எதுவோ அதன் மேல் காட்டும். குட்டிக்கும் அந்தப் பயம் எதிரே நிற்கும் பூனையோடு ஒட்டிக்கொள்ளும். கட்டிலுக்கடியில் போனால் இழுக்காதீர்கள். தண்ணீரும் மணல் பெட்டியும் அந்த அறையிலேயே இருக்கட்டும்.

அதற்கு முன் இருக்கும் நாட்களில்: லீஷ் 1.5 மீட்டர், ஹார்னஸில், கழுத்துப்பட்டையில் அல்ல. நுனியை நாற்காலிக் காலில் கட்டாதீர்கள், உங்கள் காலடியில் மிதித்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு ஒரு பாய் விரித்து அதில் படுத்தால் மட்டும் துண்டு. பாயில் படுப்பதை பூனை இல்லாதபோதே நன்றாகப் பழக்கியிருக்க வேண்டும். "விடு" என்ற சொல்லும் அப்படியே: மூடிய கையில் கறி, குட்டி முகர்வதை நிறுத்திப் பின்வாங்கிய கணம் மறு கையிலிருந்து வேறு துண்டு. தரையில் கிடக்கும் கறிக்கு, உருளும் பந்துக்கு, கடைசியாகத்தான் பூனைக்கு. நேரே பூனைக்கு "விடு" சொன்னால் அந்தச் சொல் கெட்டுப்போகும்.

வேட்டைக்காது · 25-10-2024, காலை 6:40

அடுத்த கட்டமா லீஷைத் தரையில இழுபட விடுவீக. அதுல கைப்பிடி வளையம் இல்லாம பாத்துக்கோங்க, கத்தரிச்சு விட்டுருங்க. கட்டில் காலுல மாட்டி இழுபட்டா குட்டி அலறும், பூனை பாயும்.

விரட்டுற ஆசையைத் தீர்க்க வழி குடுக்கணும். கம்பு நுனியில கயிறு, கயிறு நுனியில துணி, வட்டமா சுத்தி விடுறது. ரெண்டு நிமிசம், நடுவுல "விடு", விட்டா மறுபடி ஓட்டம். துணிதான், ரோமப் பொம்மை கூடாது. வளர்ற எலும்பு, குதிக்க விடாதீக, தரையோட மட்டும்.

பரண்வாசி · 25-10-2024, காலை 9:30

இதில் எனக்கு அரை மனசுதான். ஆசையைத் தீர்க்கிறதா, வளர்க்கிறதா என்று இன்னும் தயக்கம். "விடு" உறுதியான பிறகு, பூனை பார்க்காத இடத்தில் மட்டும் என்றால் சரி.

வேட்டைக்காது · 25-10-2024, காலை 9:44

வேட்டை நாயை வேட்டையே தெரியாம வளக்க முடியாதுய்யா. எங்க ஓடலாம்னு காட்டுனாத்தான் எங்க ஓடக்கூடாதுன்னு புரியும். ஆனா பூனை பார்க்காத இடம்ங்கிறது சரி.

ராசாத்தெரு · 26-10-2024, மாலை 4:20

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கவும். இதே முறை ராஜபாளையம் குட்டிக்கும் பொருந்துமா?

வேட்டைக்காது · 26-10-2024, மாலை 6:05

பொருந்தும், ஆனா மொதல்ல காது கேக்குதான்னு பாருங்க. வெள்ளை ராஜபாளையத்துல பிறவிச் செவிடு உண்டு. தூங்குறப்ப பின்னாடி நின்னு சாவிக்கொத்தை ஆட்டுங்க, தரை அதிராம. கேக்காத குட்டிக்குப் பூனை சீறுறது தெரியாது, எச்சரிக்கை போய்ச் சேராமலே அடி வாங்கும். சொல்லுக்குப் பதிலா கையால சைகை குடுத்துப் பழக்கணும். பெருவிரலைத் தூக்குறதே "சபாஷ்".

பேச்சோட பேச்சா: 2005-ல தபால் தலையில வந்தது ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கு அந்தக் குடுப்பினை இல்ல. 2020-ல கர்னாலில் இருக்கிற தேசிய விலங்கு மரபு வள அமைப்பு ரெண்டையும் முதோல் வேட்டை நாயோட சேர்த்துப் பதிவு பண்ணுச்சு. கணக்கு நேராயிருச்சு.

சாம்பல்வால் · 08-11-2024, இரவு 8:30

தீபாவளி கழிஞ்சு திரும்ப ஆரம்பிச்சோம், குட்டி ஒழுங்கு. பிரச்சினை பூனை. ரெண்டு நாளா மணல் பெட்டிக்கு அடிக்கடி போறான், உக்காந்துட்டு ஒண்ணும் இல்லாம எழுந்து வர்றான். சாப்பாடும் குறைஞ்சிருக்கு. குட்டி மேல கோவமா?

ஊசிமருந்து · 08-11-2024, இரவு 8:41

இப்போதே கிளம்புங்கள். ஆண் பூனை, முக்கி முக்கி மூத்திரம் வரவில்லை என்றால் அடைப்பாக இருக்கலாம். மன உளைச்சல் பூனையின் சிறுநீர்ப்பையை வீங்க வைக்கும், ஆணுக்குக் குழாய் ஒடுக்கம். முழு அடைப்பு ஒன்றிரண்டு நாளில் உயிரை எடுக்கும். காலை வரை காத்திருக்க வேண்டாம். வலிக்குதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது கொல்லும் மருந்து.

சாம்பல்வால் · 09-11-2024, காலை 7:50

அடைப்பு முழுசா இல்லை, அழற்சிதான்னு சொன்னாங்க. மருந்து, ஈரச் சாப்பாடு. நன்றி ஊசிமருந்து.

ஊசிமருந்து · 09-11-2024, காலை 8:15

நல்லது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கூட்டுங்கள், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடத்தில். பூனை முழுதாகச் சாப்பிடாமல் இரண்டு நாள் தாண்டினாலும் வரவேண்டும், குண்டுப் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும்.

மணல்பெட்டி · 09-11-2024, காலை 8:40

ரெண்டு பெட்டியும் எங்க இருக்கு? ஒண்ணு குட்டி அறை வாசலைத் தாண்டிப் போற வழியிலயா?

சாம்பல்வால் · 09-11-2024, காலை 9:05

ஆமா. கேட்டுக்கு எதிர்லதான்.

மணல்பெட்டி · 09-11-2024, காலை 9:10

அதான். குட்டி ஒண்ணும் பண்ண வேண்டாம், கேட்டுக்குப் பின்னாடி உக்காந்து பார்த்தாலே போதும். வழியை மறிக்கிற மாதிரிதான் பூனைக்கு. பழைய பெட்டியை இன்னிக்கே தூக்கிடாதீங்க. இன்னொரு அறையில மூணாவது ஒண்ணு வைங்க, அவன் அதை உபயோகிக்க ஆரம்பிச்ச பிறகு எதிர்ல இருக்கறதை எடுங்க. கேட்டோட கீழ்ப்பாதியை அட்டை வச்சு மறைங்க.

பரண்வாசி · 09-11-2024, இரவு 10:30

ஒரு வாரம் எதுவும் புதிதாக வேண்டாம். பிறகு மூடிய கதவிலிருந்து மறுபடி. இரண்டாம் தடவை வேகமாகப் போகும்.

பூனைச் சாப்பாடு எங்கே வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். தரையில் என்றால் மேடை மேல் மாற்றுங்கள். பூனைத் தீவனத்தில் கொழுப்பும் புரதமும் கூடுதல், குட்டிக்குப் பேதியாகலாம், கணையமும் வீங்கலாம். மறுபக்கம் பூனை நாய்த் தீவனத்தைக் கொறித்தால் ஒரு வேளைக்கு ஒன்றுமில்லை. அதையே பிழைப்பாக்கிக்கொண்டால் டாரின் என்ற சத்து போதாமல் இதயத் தசையும் விழித்திரையும் கெடும். இதயம் கெடுவதை 1987-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த பிறகுதான் பூனைத் தீவனங்களில் டாரின் அளவை உயர்த்தினார்கள்.

சாம்பல்வால் · 30-12-2024, இரவு 9:55

இப்போ நிலவரம்: குட்டி பாயில, பூனை சோபாவுல, ஒரே அறை, லீஷ் தரையில. பூனை நடந்தா தலையைத் தூக்கிப் பார்த்துட்டுப் படுத்துக்கறான். ஓடினா மட்டும் எழுந்துக்கறான், "விடு" சொன்னா நிக்கறான். ஆபீஸ் போகும்போது தனியா விட்டுட்டுப் போகலாமா?

வேட்டைக்காது · 30-12-2024, இரவு 10:08

கூடாது. இன்னும் அஞ்சு மாசமே ஆகலை. விரட்டுற காலம் இனிமேதான். "விடு"ன்னு சொல்ல நீங்க அங்க இருக்க மாட்டீக.

பரண்வாசி · 30-12-2024, இரவு 10:20

குறைந்தது ஒரு வயது. அதற்குப் பிறகும் இந்த இனத்தில், ஆள் இல்லாதபோது கதவு சாத்திப் போவதை நான் நிரந்தரமாகவே வைத்துக்கொள்வேன். ஐந்து நொடி வேலை.

சாம்பல்வால் · 17-01-2025, காலை 7:25

ஒரே ஒரு சந்தேகம். இன்னிக்குக் காலைல கேட்டைத் தாண்டிட்டான். 75 செ.மீ. கேட். பூனை பீரோ மேல இருந்ததால தப்பிச்சது.

பரண்வாசி · 17-01-2025, காலை 8:10

எதிர்பார்த்ததுதான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கேட் மாட்டலாம், தற்காலிகம். நிலையான வழி, வெல்டிங் பட்டறையில் முக்கால் அங்குலச் சதுரக் குழாயில் ஒரு அங்குல வலை அடித்த முழுக் கதவு. பூனை போகத் தரையோடு ஓட்டை வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். சிப்பிப்பாறையின் மண்டை ஒடுக்கம், பூனை நுழையும் ஓட்டையில் அதுவும் நுழைந்துவிடும். 1.3 மீட்டர் உயரத்தில் 14 செ.மீ. சதுரம், பூனைப் பக்கம் மட்டும் ஒரு பலகை.

வேட்டைக்காது · 17-01-2025, காலை 8:31

எதுல கால் வச்சுத் தாண்டுச்சுன்னு பார்த்தீகளா?

சாம்பல்வால் · 17-01-2025, காலை 8:50

அவன் பக்கம் ஒரு பிளாஸ்டிக் முக்காலி கிடந்துச்சு.

வேட்டைக்காது · 17-01-2025, காலை 8:52

மொதல்ல அதை எடுங்க. அப்புறம் வெல்டரைக் கூப்பிடுங்க.